ஊர் வாசிகசாலையின் வரலாற்றை எழுதத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்து ஊரொன்றில் வாசிகசாலைக்கு ஆண்டுவிழா வருகிறது, மலர் போடவேண்டும் என்று நிர்வாகசபை தீர்மானித்த அன்றே ‘எப்ப தொடங்கினது?’ என்ற கேள்வி எழுந்துவிடும். ஒருவர் 1938 என்பார். இன்னொருவர் 1946 என்று அடித்துச் சொல்வார். வாசல் கல்லில் 1953 என்று இருக்கும். மூன்றும் சரியாக இருக்க இடமுண்டு. 1938 இல் நாலு இளைஞர்கள் யாரோ வீட்டுத் திண்ணையில் பத்திரிகை போட்டு வாசித்திருக்கலாம், 1946 இல் காணி கிடைத்திருக்கலாம், 1953 இல் ஓட்டுக் கூரை ஏறியிருக்கலாம்.

அதனால் ஒரு கொப்பி வாங்கி முதல் நாலு பக்கங்களுக்கும் நாலு தலைப்பு இடுங்கள்: ஆட்கள் கூடத் தொடங்கியது எப்போது, எந்தெந்த இடங்களில் கூடினார்கள், காணி யாரிடமிருந்து எப்படி வந்தது, இப்போது நிற்கும் சுவரும் கூரையும் எந்தக் காலத்தவை. கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் இந்த நாலில் ஒன்றின் கீழ் மட்டும் எழுதுங்கள். காணி உறுதியில் (காணிப் பத்திரத்தில்) கண்ட ஆண்டைச் சங்கம் தொடங்கிய ஆண்டாகவும், கல்லில் கண்ட ஆண்டைக் காணி வாங்கிய ஆண்டாகவும் எடுத்துக்கொள்வதுதான் மலர்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை.

சங்கக் கட்டிடங்களை ஆராயும் எவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நிலக்கரியும் கப்பல் கட்டுதலும் நடந்த இங்கிலாந்தின் வடகிழக்கில் பிரீமேசன் என்ற சகோதர சங்கத்தின் மண்டபங்களைத் தேடுபவர்களும் இதைத்தான் முதலில் பிரித்துக்கொள்கிறார்கள். அங்கே பல லொட்ஜுகள் (அந்தச் சங்கத்தின் கிளைகள்) சொந்த மண்டபம் கட்டுமுன் நெடுங்காலம் விடுதி அறைகளில் கூடின. சண்டர்லாந்தில் 1785 இல் கட்டிய பீனிக்ஸ் மண்டபத்தைப் போல, தமக்கென்றே கட்டி இன்றுவரை அதே வேலைக்குப் பயன்படுத்துவது அபூர்வம். போதாக்குறைக்கு 1814, 1832, 1863 ஆகிய ஆண்டுகளில் லொட்ஜுகளின் இலக்கங்களை மாற்றியிருக்கிறார்கள். ஒரே இலக்கம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு லொட்ஜைக் குறிக்கும். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1799 இல் வந்த சட்டம் லொட்ஜுகள் ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலை அரச அலுவலரிடம் கொடுக்கவேண்டும் என்றது. எங்கள் வாசிகசாலைகளுக்கு அப்படி வரிசையான பட்டியல் கிடையாது. இங்கே கல், சுவர், கணக்குப் புத்தகம், பக்கத்து வளவு உறுதி, செத்த வீட்டுக்காக அச்சிடும் ‘கல்வெட்டு’ என்ற சிறு நூல் என்று சிதறிக் கிடப்பவற்றைப் பொறுக்கித்தான் கட்டவேண்டும்.

கல்லை வாசித்தல்

அடிக்கல்லும் திறப்புவிழாக் கல்லும் வெவ்வேறு. ‘அடிக்கல் நாட்டப்பட்டது’ என்று இருந்தால் அது வேலை தொடங்கிய நாள் மட்டுமே. காசு முடிந்து கூரை ஏறாமல் பல ஆண்டுகள் நின்ற கட்டிடங்கள் ஊருக்கு ஊர் உண்டு. எழுத்து மங்கியிருந்தால் சோக்கு பூசவோ எண்ணெய் தடவவோ கம்பியால் சுரண்டவோ வேண்டாம். சுண்ணாம்புக்கல் மென்மையானது, சுரண்டினால் இருக்கிற எழுத்தும் போய்விடும். இருட்டிய பிறகு போய், டோர்ச் லைற்றைக் கல்லின் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நாலு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது பகலில் தெரியாத எழுத்துகளும் நிழலோடு எழும்பி நிற்கும்.

பழைய கற்களில் ஆங்கில ஆண்டுக்குப் பதிலாகத் தமிழ் வருடப் பெயர் இருக்கும். அறுபது வருடச் சுற்று என்பதால் ‘யுவ வருடம்’ என்றால் 1875, 1935, 1995 ஆகிய மூன்றில் ஒன்றில் தொடங்கிய வருடம். எது என்பதைக் கட்டிடத்தையும் ஆட்களின் பெயரையும் வைத்துத் தீர்மானிக்கலாம். தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதை மறந்துவிடக்கூடாது. 1935 சித்திரையில் பிறந்த யுவ வருடத்தின் தை மாதம் 1936 ஜனவரி நடுவில்தான் வரும். தை, மாசி, பங்குனி என்று கண்டால் ஓர் ஆண்டைக் கூட்டுங்கள். பங்குனி மாதம் பாதி மார்ச்சிலும் பாதி ஏப்ரலிலும் விழும்.

கொடையாளர் கற்களில் ‘மலாயா’ என்றோ ‘சிங்கப்பூர்’ என்றோ இருந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். மலாயாவில் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்களின் பணம் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்கும் கோவில்களுக்கும் பொது மண்டபங்களுக்கும் வந்தது. அந்தக் குடும்பங்களின் பெட்டகங்களில் கடிதங்களும் படங்களும் இருக்கக்கூடும்.

பெயர் எப்போதும் கட்டியவரைக் குறிப்பதில்லை. யாழ்ப்பாண நகரின் வீரசிங்கம் மண்டபம் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் வட்டுக்கோட்டைப் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த கூட்டுறவாளர் வீ. வீரசிங்கத்தின் நினைவைத் தாங்குகிறது. உங்கள் ஊர் மண்டபத்தின் பெயரும் அப்படி வைத்ததா, காணி கொடுத்தவரின் பெயரா, தகப்பனின் பெயரில் மகன் கட்டிக்கொடுத்ததா என்று கேட்டறியுங்கள்.

சுவரையும் கூரையையும் வாசித்தல்

ஓர் அரைநாள் போதும். 30 மீற்றர் ரேப் ஒன்று, சின்ன ரேப் ஒன்று, வரைபுத்தாள், பென்சில், இரண்டு ஆட்கள். அளவை அடியிலேயே எடுங்கள். 32 அடிக்கு 24 அடி என்று அத்திவாரம் வெட்டிய அறையை மீற்றரில் அளந்தால் 9.75, 7.32 என்று வந்து, கட்டியவரின் கணக்கு மறைந்துபோகும். நீள அகலத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவேண்டும். 32 அடிக்கு 24 அடி அறை மட்டமாக இருந்தால் மூலைவிட்டம் சரியாக 40 அடி வரும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுக்கொன்று பல அங்குலம் வேறுபட்டால் அறை கோணல், அல்லது ஒரு பக்கச் சுவர் பிறகு கட்டியது. வரைபுத்தாளில் 2 அடிக்கு 1 சென்ரிமீற்றர் என்று போட்டால் இந்த அறை 16 சென்ரிமீற்றருக்கு 12 ஆக வடிவாக அடங்கும்.

ஒவ்வொரு கதவடியிலும் யன்னலடியிலும் சுவரின் தடிப்பை அளவுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கல் வைத்துக் கட்டிய பழைய சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. சீமெந்துக் கல்லில் எழுப்பிய சுவர் ஆறு, எட்டு அங்குலத்தில் நிற்கும். ஒரே மண்டபத்தில் இரண்டு தடிப்பும் இருந்தால் அங்கே இரண்டு காலங்கள் இருக்கின்றன. பூச்சு உடைந்த இடத்தில் ஆணி நுனியால் மெல்ல உரசிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிந்து, சிப்பித் துண்டோ கிளிஞ்சலோ தெரிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் உறுதியாக இருந்தால் சீமெந்து. வெளிப்பூச்சை மட்டும் நம்பவேண்டாம். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசியவை அநேகம். அப்படிப் பூசிய சுவரில் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு கழன்றிருக்கும். உண்மையான சுவர் அந்த இடத்தில்தான் தெரியும்.

மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஓடும் வெடிப்பைக் கண்டால் அது பெரும்பாலும் பழைய கட்டும் புதிய கட்டும் சந்திக்கும் மூட்டு. படியாக, சாய்வாகப் போகும் வெடிப்பு அத்திவாரம் இறங்கியதால் வந்தது. இந்த இரண்டையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். ஊரில் வயதான மேசன் ஒருவர் இருந்தால் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பத்து நிமிடத்தில் சொல்வதை நாங்கள் பத்து நாள் பார்த்தாலும் பிடிக்கமாட்டோம். இந்தப் பூச்சு யார் கையால் பூசியது என்றுகூடச் சிலர் சொல்வார்கள்.

சீமெந்தைக் கண்டதும் ‘1950 இற்குப் பிறகு’ என்று எழுதிவிடாதீர்கள். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது உண்மை. அதற்கு முன்னரே சீமெந்து கப்பலில் வந்தது. தொழிற்சாலை வந்தபின் ஊர்ச் சங்கங்களுக்கும் அது எட்டியது என்ற அளவுக்கே இந்தச் சான்று உதவும்.

கூரையில் ஓடு இருந்தால் கழன்று கிடக்கும் ஒன்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சீமை ஓட்டில் தொழிற்சாலையின் பெயர் பொறித்திருக்கும். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் 1865 இல் ஓட்டுத் தொழிலைத் தொடங்கியது. முதலாம் உலகப்போருக்குப் பின் அதன் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் ட்ரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே கொமன்வெல்த் முத்திரை உள்ள ஓடு 1919 இற்கு முந்தியதாக இருக்காது. ஆனால் ஓடு இடம் மாறும் பொருள். இடித்த பாடசாலையின் ஓட்டை வாசிகசாலைக்குப் போடுவார்கள், செல்லடியில் விழுந்த வீட்டின் ஓட்டைக் கோவில் மடத்துக்குப் போடுவார்கள். ‘இந்த ஆண்டுக்கு முந்தியதல்ல’ என்பதற்கு மேல் ஓட்டிடம் எதையும் கேட்கக்கூடாது. பனஞ்சலாகையில் பழைய ஆணித்துளைகள் பொருந்தாமல் இருந்தால் அந்த மரமும் வேறொரு கூரையிலிருந்து வந்ததே.

கூரை அஸ்பெஸ்ரோஸ் சீற் என்றால் அதை உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம், தூசி சுவாசத்துக்குக் கேடு. வலிகாமம் வடக்கு போல நீண்டகாலம் மூடிக்கிடந்த இடங்களில் பாழடைந்த கட்டிடத்துக்குள் போகுமுன், அந்தக் காணி வெடிபொருள் அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். அத்திவாரம் மட்டும் எஞ்சியிருந்தாலும் அளந்து வரையுங்கள். பழைய மண்டபத்தின் பருமனுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அறிக்கைப் புத்தகமும் கணக்கும்

கூட்ட அறிக்கைப் புத்தகம் கிடைத்தால் பெரும் பேறு. போரால் 1990 இலும் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும் எத்தனையோ சங்கங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடின. சில புத்தகங்கள் மட்டும் செயலாளர் வீட்டுச் சூட்கேசோடு வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் போயிருக்கின்றன. எனவே பழைய செயலாளர்கள், தனாதிகாரிகளின் பட்டியலை முதலில் எழுதி, அவர்களின் பிள்ளைகளிடம் கேளுங்கள். ‘வரலாறு ஏதும் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘அப்பாவின்ர பழைய கணக்குக் கொப்பி, பற்றுச்சீட்டுப் புத்தகம் ஏதும் கிடக்கா?’ என்று கேட்டால் தேடிப் பார்ப்பார்கள்.

அறிக்கையைவிடக் கணக்கு உண்மை பேசும் என்பது எங்கள் அனுபவத்தில் உறுதியான முடிவு. ‘மண்டபம் கட்டுவதெனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று மூன்று ஆண்டு தொடர்ந்து அறிக்கையில் எழுதியிருப்பார்கள். மேசன் கூலியும் ஓடு ஏற்றிய வண்டிக் கூலியும் கணக்கில் விழுந்த மாதம்தான் வேலை நடந்த மாதம். வீடு வீடாகப் பிடி பிடியாகச் சேர்த்த பிடியரிசியை விற்ற வரவு, நாடகம் போட்ட ரிக்கற் வரவு, மலாயாப் பணம் என்று வரவுப் பக்கத்தையும் பிரித்து எழுதுங்கள். மண்டபத்தை உண்மையில் கட்டியவர்கள் யார் என்பது அங்கே தெரியும். சிரமதானமாக அத்திவாரம் வெட்டியவர்களின் பெயர் மட்டும் கணக்கில் வராது. அதை ஆட்களிடம் கேட்டுத்தான் எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் அவர்களுக்குச் செய்யும் அநீதி.

படமெடுக்குமுன் பக்கங்களுக்குப் பென்சிலால் மூலையில் இலக்கம் இடுங்கள். எழுத்துப் பக்கங்களுக்கு 300 டிபிஐ, புகைப்படங்களுக்கு 600 டிபிஐ போதும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கிழிந்த தாளுக்கு செலோரேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை பழுத்து எழுத்தைத் தின்னும். லமினேற் செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. அமிலமில்லாத தாளில் சுற்றி, கறையான் ஏறாதபடி நிலத்திலிருந்து உயர்த்திய அலுமாரியில் வையுங்கள்.

கூட்டுறவுச் சங்க மண்டபம் என்றால் பெயர் மாற்றங்களைக் கவனியுங்கள். 1911 இன் கூட்டுறவுச் சட்டத்துக்குப் பின் வந்த ஐக்கிய நாணய சங்கங்களும் (கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்கள்) பின்னர் வந்த சிறு சங்கங்களும் காலத்துக்குக் காலம் இணைக்கப்பட்டன. 1970 களின் தொடக்கத்தில் பல சிறு சங்கங்கள் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குள் போயின. கட்டிடம் ஒன்றே, சொந்தக்காரர் பெயர் மூன்று. பழைய பெயரில் தேடாவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

உறுதிகள்

காணி உறுதியின் பிரதியை நொத்தாரிசிடமோ காணிப் பதிவகத்திலோ தேடலாம். காணியின் பெயர், இறை (உறுதியில் குறிக்கும் ஊர்ப் பிரிவு), உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகியவை இருந்தால் வேலை சுலபம். விற்ற அறுதி உறுதியா, நன்கொடை உறுதியா, பொதுக் காரியத்துக்கு எழுதிவைத்த தருமசாதனமா என்பதைக் கவனியுங்கள். வாய்ச்சொல்லில் காணி கொடுத்து, எழுதுமுன் கொடுத்தவர் இறந்துபோன இடங்களும் உண்டு. அங்கே உறுதியின் ஆண்டு கட்டிடத்தின் ஆண்டுக்குப் பிந்தியே இருக்கும்.

பரப்பளவில் புதியவர்கள் சறுக்குவது வழக்கம். மேட்டுக்காணியை அளக்கும் வரகுப் பரப்பு ஒன்று 18 குழி, அதாவது 10 பேர்ச். 16 வரகுப் பரப்பு ஓர் ஏக்கர். வயற்காணியின் நெற்பரப்பு 12 குழி, 24 பரப்பு ஓர் ஏக்கர். உறுதியில் ‘2 பரப்பு’ என்று மட்டும் பார்த்து மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு பிசகும். எந்தப் பரப்பு என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

சங்கத்தின் உறுதி கிடைக்காவிட்டால் பக்கத்து வளவுகளின் சீதன உறுதிகளைக் கேளுங்கள். ஒவ்வொரு உறுதியும் நாலு எல்லையையும் சொல்லும். ‘வடக்கு: வாசிகசாலை’ என்று 1949 உறுதியில் இருந்தால் 1949 இல் வாசிகசாலை அங்கே இருந்தது. இது மிகப் பலமான சான்று. ஆனால் எல்லை வரிகளைப் பழைய உறுதியிலிருந்து அப்படியே பார்த்தெழுதும் வழக்கமும் உண்டு. எனவே எல்லையில் வாசிகசாலை வராததை வைத்து அப்போது அது இல்லை என்று முடிவெடுக்கக்கூடாது. உறுதியைக் காட்டுகிறவர்களுக்கு அது அவர்களின் குடும்ப விடயம். தேவையான வரியை மட்டும் குறித்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுங்கள். உறுதிப் படத்தை மலரில் போடவேண்டாம்.

பத்திரிகையும் கல்வெட்டும்

இந்து சாதனம் 1889 இலிருந்தும், ஈழகேசரி 1930 இலிருந்து 1958 வரையும், ஈழநாடு 1959 இலிருந்தும் ஊர்ச் செய்திகளுக்குப் பயன்படும். கத்தோலிக்க, அமெரிக்க மிஷன் ஊர்களென்றால் சத்தியவேத பாதுகாவலனையும் உதயதாரகையையும் பாருங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. ஈழநாடு அலுவலகமும் அப்போதே எரிக்கப்பட்டது. அதனால் ஓரிடத்தில் முழுத் தொகுதி கிடைக்கும் என்று எதிர்பாராமல், நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் மூன்றிலும் தேடவேண்டும். ‘வரும் ஞாயிறு திறப்புவிழா’ என்ற முன்னறிவித்தலைக் கண்டதும் நிறுத்திவிடாமல் அடுத்த நாலு கிழமைப் பத்திரிகைகளையும் புரட்டுங்கள். பிரதம விருந்தினர் வராமல் விழா ஒத்திப்போனது அங்கேதான் இருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய சான்று அந்தியேட்டிக் கல்வெட்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கொடுக்கும் அந்தச் சிறு நூலில் வம்சவழி, தொழில், சங்கப் பதவிகள் எல்லாம் வரும். ‘வாசிகசாலையின் ஸ்தாபகர்களில் ஒருவர்’ என்ற வரியைப் பத்துக் கல்வெட்டில் கண்டால் பத்துப் பேரையும் ஸ்தாபகராக எழுதிவிடாதீர்கள். துக்கத்தில் எழுதியது, புகழ் கூடும். பதவி வகித்த ஆண்டு, மறைந்த திதி, கூடவந்த பழைய படம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களிடம் கேட்டல்

கட்டிடத்தைப் பார்த்த மறுகிழமையே இதைத் தொடங்குங்கள். கந்தோர் வேலை ஆறுமாதம் பிந்தினாலும் பரவாயில்லை, எண்பத்தைந்து வயதுப் பெரியவரைப் பார்ப்பது பிந்தக்கூடாது. பின்னேரம் நாலு மணிக்குப் போய் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். ஃபானை நிறுத்தி, போனை விமான நிலையில் போட்டு, பதிவுசெய்ய அனுமதி கேட்ட குரலையும் பதிவிலேயே வையுங்கள்.

ஆண்டைக் கேட்டால் ஆண்டு பிழையாக வரும். ‘ஓடு போட்டது எப்ப, ஐயா?’ என்பதைவிட ‘ஓடு போடேக்க நீங்கள் எத்தினையாம் வகுப்பு படிச்சனீங்கள், ஐயா?’ என்று கேளுங்கள். 1964 மார்கழிப் புயலுக்கு முன்னோ பின்னோ, 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முன்னோ பின்னோ, இந்திய இராணுவம் வந்த 1987 இல் மண்டபம் எப்படி இருந்தது என்று தெரிந்த நாட்களில் முடிச்சுப் போட்டுக் கேட்டால் பிடி கிடைக்கும். ‘1953 இல்தானே கட்டினது?’ என்று கேட்டால் மரியாதைக்காக ஓம் என்பார்கள். அந்த ஓம் எதற்கும் உதவாது. பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். நிர்வாகப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் பிடியரிசி சேர்த்த ஆச்சிமாருக்கு எந்த ஒழுங்கை எவ்வளவு தந்தது என்பது நினைவிருக்கும்.

ஒரே ஊரில் நூறு யார் இடைவெளியில் இரண்டு வாசிகசாலைகள் ஏன் என்ற கேள்வியைத் தவிர்க்கவேண்டாம். பல இடங்களில் காரணம் சாதி. ஒரு வாசிகசாலைக்குள் விடப்படாதவர்கள் தமக்கென்று ஒன்றைக் கட்டினார்கள். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்தது, நடைமுறை மாற அதற்குப் பிறகும் காலம் எடுத்தது. இதை மறைத்து எழுதினால் இரண்டாவது மண்டபத்தை எழுப்பியவர்களின் உழைப்பே வரலாற்றிலிருந்து போய்விடும். அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். தடுத்தவர்களின் பெயரைப் போட்டு இன்றைய பிள்ளைகளைச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

எழுதுதல்

நாலு தலைப்பின் கீழும் சேர்ந்ததை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘கல்’, ‘கணக்கு’, ‘உறுதி’, ‘பத்திரிகை’, ‘வாய்மொழி’ என்று எழுதுங்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சான்று ஒத்துவந்தால் உறுதியாக எழுதலாம். வாய்மொழி மட்டும் என்றால் ‘என்று சொல்லப்படுகிறது’ போதும். இரண்டு பேர் ஒரே கதையைச் சொன்னாலும், ஒருவர் மற்றவரிடம் கேட்டதாக இருந்தால் அது ஒரு சான்றுதான்.

அச்சுக்குக் கொடுக்குமுன் எழுதியதை ஒரு ஞாயிறு பின்னேரம் மண்டபத்திலேயே வாசித்துக் காட்டுங்கள். வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் பென்சில் கட்டி விடுங்கள். ‘மேடை முந்தி மேற்குப் பக்கம் இருந்தது’ என்று யாராவது கோடு போடுவார்கள். அந்த வரைபடத்தையும் படமெடுத்து வையுங்கள். மலரின் கடைசியில் திருத்தங்களுக்காக இரண்டு வெற்றுப் பக்கம் விடுங்கள். ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் கொடுத்து, மென்பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மூலப் படக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் பதிந்து, ஒன்றை ஊரிலும் மற்றதை வெளிநாட்டுக் கிளையிலும் வைத்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று இரண்டும் திறக்கின்றனவா என்று பார்ப்பதைச் செயலாளரின் வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.